ராஜாவாக வந்தவனும் கூலியாகப் போனவனும்

டேவிட் லெய்ட்டின் என்கிற அமெரிக்கப் பேராசிரியர், எஸ்தோனியா, லாத்வியா, உக்ரைன், கஜகஸ்தான் ஆகிய நான்கு தேசங்களிலும் உள்ள ருஷிய பாஷை பேசும் ஜனங்களைப் பற்றி ஆராய்ந்து 1998-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1991-ல் சோவியத்து ஆட்சி உடையும் வரை ஒருவன் ருஷியன், ஒருவன் உக்ரேனியன், மற்றொருவன் யூதன். உடைந்த பிறகோ மூவரும் ‘ருஷிய பாஷைக்காரர்’ என்கிற ஒரே பட்டியில் அடைபடலானார்கள். லாத்வியாவில் அவர்களில் ஏராளமானவர்களுக்குப் பிரஜா உரிமையும் ஓட்டும் இல்லாமல் போயிற்று. ஆகவே, ஜாதியைப் போலவே தேசியமும் பிறவியில் வந்ததல்ல, சட்டமும் பிழைப்பும் சேர்ந்து செய்த சரக்கே என்றுதான் நாம் சொல்லுவோம்.

“ருஷியாக்காரன் கதை தஞ்சாவூரானுக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நம் கதையே அதுதான்.

தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சேரிகளிலிருந்து பஞ்சத்தாலும் பண்ணையடிமைத்தனத்தாலும் கங்காணி பின்னால் இலங்கைக்குப் போனவர்கள் அங்கே காட்டை அழித்துத் தேயிலை வளர்த்தார்கள். அதற்குக் கூலியாக, 1948-ல் இலங்கை சர்க்கார் ஒரு சட்டத்தால் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964-ல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் களத்துமேட்டில் நெல்லைப் பங்கு போடுவதுபோல், 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பாக்கி பிறகு என்று அளந்தார்கள். அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

நிற்க, நம் யோக்கியதை என்ன? அங்கே ‘இந்தியத் தமிழன்’ என்று தள்ளப்பட்டவனை இங்கே நாம் ‘சிலோன்காரன்’ என்றோம். அவன் ஜாதியை விசாரித்து மறுபடியும் சேரியைக் காட்டினோம். 1983-க்குப் பிறகு அகதியாக வந்த மலையகத்தாரோ, திருச்சி முகாம்களில் பல்லாண்டு இருந்தும் பிரஜா உரிமைக்காக ஹைகோர்ட்டுப் படி ஏறவேண்டியதாயிற்று. 2019-ல்தான் அவ்வழக்கில் தீர்ப்பு வந்தது.

ஆனால், சரபோஜி ராஜா 1803-ல் நமது பெரிய கோவில் சுவரில் தம் வம்ச சரித்திரத்தை மராட்டியில் வெட்டி வைத்தார். ராஜ்யம் 1855-ல் ஒழிந்தும் மராட்டி பேசுவோர் இங்கேயே வாழ்கிறார்கள். அவர்களை யாராவது அன்னியர் என்றோமா? இல்லை, அதுவே நியாயம். அந்த நியாயம் கூலிக்காரனுக்கு மட்டும் ஏன் இல்லை? ராஜாவாக வந்தவன் வீட்டுக்காரன், கூலியாகப் போனவன் எங்கும் அன்னியன் என்பதுதானே இந்தத் தேசியம்?

தோழர்களே! பாடுபட்டவனுக்கு அவன் பாடுபட்ட மண்ணில் உரிமை உண்டு. இதை ஒப்பாத தேசாபிமானம் யாருக்கு வேண்டும்? முதலில் நம் ஊரில் உள்ள ‘சிலோன்காரனை’ப் பேர் சொல்லி அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். தமிழபிமானத்தை மேடையில் பேசுவது பிறகு இருக்கட்டும்.