ஆறாத புண்ணைத் தேடிப் புறப்படுவோம்!



நம் சென்னைக் கடற்கரைக் குப்பங்களான சீனிவாசபுரத்திலும் முள்ளிமா நகரிலும் நொச்சிக்குப்பத்திலும் சர்க்கரை நோயால் விரலை இழந்தவர்கள், முழங்காலுக்குக் கீழே இழந்தவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்கிறது. இனி ஒரு காலையும் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நம் அக்கா ஒருவர் மதியம்வரை நின்று மீன் விற்றுவிட்டுச் செருப்பைக் கழற்றினார். உள்ளே ரத்தம். உள்ளங்காலில் நண்டு ஓடு ஏறியிருந்தது. வலிக்கவே இல்லை; பவுடரைத் தூவித் துணியைச் சுற்றிக்கொண்டார். நரம்பு மரத்த பாதத்துக்கு அந்த வலியில்லாமைதான் எமன். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்து மருத்துவர் பால் பிராண்ட் அன்றே உலகுக்குச் சொன்னதும் இதைத்தான். புண் ஆழமானால் கிருமி எலும்புக்கு இறங்கும். மேலே தோல் மூடினாலும் உள்ளே எலும்பு அரிபடும்.

கட்டு மாற்றப் போகிறவர்களோடு கூடவே போங்கள். "எலும்பு தட்டுப்படுதா, பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். மழுங்கிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டு டாக்டர் பார்ப்பார். கிருமி எலும்புக்கு இறங்கிய முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால் புண் ஆறவில்லையென்றால் மறுபடியும் போங்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

எலும்புக்கு இறங்கிவிட்டது என்றதும் பயந்து ஆஸ்பத்திரியை விட்டு ஓடிவராதீர்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, காலத்தோடு போனால், கெட்ட எலும்பை மட்டும் எடுத்தோ, அறுவையே இல்லாமல் சுமார் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தோ பலருடைய காலைக் காப்பாற்றுகிறார்கள். பத்தாம் நாள் சீழ் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறோமே, அங்கேதான் தோற்கிறோம்.

அதைவிடக் கடினம், அந்தக் காலை ஊன்றாமல் இருப்பது. கூடை தூக்கினால்தான் உலை கொதிக்கும் என்கிற வீட்டில் "நடக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. 2023இல் லூப் ரோட்டில் மீன் கடைகளை அகற்றியபோது கடைக்காக ரோட்டில் இறங்கிய குப்பங்கள் இவை. காலை ஊன்றக் கூடாதவரின் கடையில் ஆறு வாரம் அவருக்குப் பதிலாக நாம் முறைபோட்டு உட்கார முடியாதா? அவர் பங்கு அரிசியும் ஆட்டோ காசும் நம் சங்கம் தர வேண்டும். தந்தே ஆக வேண்டும்!

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீடுவீடாகப் போகிறோம். டார்ச் கொண்டு வாருங்கள். பெண்களின் காலைப் பெண் தோழர்கள் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், ஆணி, எதையும் விடாதீர்கள். கறுத்த விரல், காய்ச்சல், மேலே ஏறும் சிவப்பு கண்டால் திங்கள்வரை காத்திருக்காதீர்கள். அங்கிருந்தே ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கு வண்டி ஏற்றுங்கள். சீனிவாசபுரத்துக்கு இன்னும் ஆள் போதவில்லை. இன்றிரவே பெயர் கொடுங்கள்.