ஸ்காட்லாந்து: பாட்டன் பூட்டனைத் தேடுகிறவர்கள் திறக்காத நோட்டுப்புத்தகம்

எடின்பரோவில் ராயல் மைல் என்று ஒரு தெரு இருக்கிறது. ஒரு முனையில் கோட்டை, மறு முனையில் அரண்மனை. நடுவில் கடைக்குக் கடை கட்டம்போட்ட கம்பளித் துணி. அதுதான் டார்ட்டன். கனடாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்து இறங்குகிறவர் தன் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும். கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, இதுதான் உங்கள் குலத்தின் கட்டம் என்று ஒன்றை எடுத்துப் போடுவார். வந்தவருக்குக் கண்ணே கலங்கிவிடும். குலத்துக்கு ஒரு கட்டம் என்ற இந்த ஏற்பாடு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டானது என்பதுதான் வேடிக்கை. பழைய சுவடியிலிருந்து எடுத்தது என்று சொல்லி 1842-ல் இரண்டு சகோதரர்கள் வெளியிட்ட டார்ட்டன் புத்தகம் போலி என்று பிற்பாடு தெரிந்தது. அதில் இருந்த கட்டங்கள் மட்டும் இன்னும் நன்றாக விற்கின்றன!

துணிக்கடையில் கிடைக்காத பாட்டன் ஆவணத்தில் கிடைப்பார். ஸ்காட்லாந்தில் அதற்கு வசதி அதிகம். ஆனால் எந்த ஆவணத்தில் தேடுவது என்பதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு, குடிக்கணக்கு என்று நாலு பதிவைப் பார்த்து மரம் வரைந்து முடித்துவிடுகிறார்கள். சாதாரண ஜனங்களைப் பற்றி அதிகம் பேசும் ஏடுகள் வேறு இரண்டு. ஒன்று அவர்களைத் திட்டுவதற்காக எழுதப்பட்டது. இன்னொன்று அவர்களுக்குக் கஞ்சி ஊற்றலாமா என்று விசாரிக்க எழுதப்பட்டது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு வரைகிற மரம் அரை மரம்தான்.

முதலில் சுலபமானதைப் பார்த்துவிடலாம். ஸ்காட்லாந்தில் பிறப்பு இறப்பைக் கட்டாயமாக அரசாங்கத்தில் பதியும் முறை 1855 ஜனவரி 1-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் 1837-லேயே வந்துவிட்டது. பதினெட்டு வருடம் தாமதமானாலும் ஸ்காட்டுகள் செய்ததைத் திருந்தச் செய்தார்கள். இறந்தவரின் பதிவில் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் எல்லாம் உண்டு. ஒரே சீட்டில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். அந்தக் கால இங்கிலாந்து இறப்புச் சான்றிதழில் இது கிடையாது. முதல் வருடமான 1855-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, சொந்த ஊர், கல்யாணம் நடந்த தேதி, அந்தக் குழந்தைக்கு மூத்தவர்கள் எத்தனை பேர் என்பது வரை கேட்டார்கள். இறப்புப் பதிவில் பிள்ளைகளின் பெயர்களே இருக்கும். எழுதி மாளவில்லை போலும், 1856-லேயே படிவத்தைச் சுருக்கிவிட்டார்கள். அதனால் வம்சம் தேடுகிறவர்களிடையே ஒரு விபரீத ஆசை உண்டு: பூட்டன் எப்படியும் சாகத்தான் போகிறார், அது 1855-ஆக இருந்திருக்கக் கூடாதா என்று.

குடிக்கணக்கும் இப்படித்தான். ஆட்களைப் பெயரோடு எழுதிய முதல் கணக்கு 1841. அதில் பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். இது தெரியாமல் பிறந்த வருடத்தைக் கணக்குப் போட்டு வேறு யாரோ ஒருவரைத் தாத்தாவாக்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். 1851 முதல் சரியான வயது, வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு, பிறந்த பாரிஷ் எது என்பதெல்லாம் வந்துவிட்டது. (பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர்கள். நம்மூர் சி.எஸ்.ஐ.க்காரர்கள் சேகரம் என்பார்களே, அந்த மாதிரி.) 1861-ல் வீட்டில் ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று கேட்டார்கள். மூன்றில் ஒரு வீட்டுக்கு ஒரே அறைதான் என்று தெரிந்தது. 1911-ல் கல்யாணமான பெண்களிடம் எத்தனை குழந்தை உயிரோடு பிறந்தது, எத்தனை இப்போது இருக்கிறது என்று கேட்டார்கள். ஏழு, நாலு என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எண் இருந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நூறு வருடம் பூட்டி வைத்துத்தான் திறப்பார்கள் என்பதால் 1921 கணக்கு 2022 கடைசியில்தான் வெளியே வந்தது.

1855-க்கு முன்னால் போனால்தான் சிக்கல். அங்கே கைகொடுப்பவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பாரிஷ் பதிவேடுகள். பெர்த்ஷயரில் உள்ள எர்ரோல் என்ற பாரிஷின் ஏடு 1553-ல் தொடங்குகிறது. அதுதான் இருப்பதிலேயே பழசு. ஆனால் மேற்குத் தீவுகளிலும் மலைப்பகுதிகளிலும் பல பாரிஷ்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முந்தைய ஏடே இல்லை. இருக்கிற ஏட்டிலும் எல்லோரும் இருக்க மாட்டார்கள். ஞானஸ்நானம் கொடுப்பது வேறு, அதை ஏட்டில் எழுதுவது வேறு. எழுதக் காசு. ஏட்டை வைத்திருந்தவர் அநேகமாக ஊர் வாத்தியார்தான். அவருக்கு இது பக்க வரும்படி. போதாக்குறைக்கு 1783-ல் லண்டன் அரசாங்கம் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டது. பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஏழை என்று ஊரறிய ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? ஜனங்கள் பதிவதையே விட்டுவிட்டார்கள். 1794-ல் வரியை எடுக்கும் வரை பல ஏடுகள் மெலிந்து கிடக்கின்றன.

திருமணப் பதிவு என்று இருப்பதில் பாதிக்கு மேல் திருமணமே அல்ல, ஓலை வாசித்ததற்கான குறிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் அறிவிப்பது. அதற்கு வாங்கிய காசுக்குத்தான் கணக்கு. அடக்கப் பதிவு இன்னும் பரிதாபம். பல ஊர்களில் மிஞ்சியிருப்பது, சவப்பெட்டியின் மேல் போர்த்தத் திருச்சபை வாடகைக்கு விட்ட கறுப்புத் துணியின் கணக்குதான். நல்ல துணிக்கு ஒரு வாடகை, சுமாரானதற்கு ஒரு வாடகை. துணி வாங்க வக்கில்லாமல் புதைத்தவர்களும் பச்சைக் குழந்தைகளும் அதில் வரமாட்டார்கள்.

பெயர் வைக்கும் வழக்கம் ஓரளவு உதவும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்பது அங்கே பரவலாக இருந்த முறை. பெயரன் என்பதுதான் பேரன் ஆனது என்று தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஷெட்லாந்துத் தீவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைகூட அப்பா பெயரே பிள்ளைக்குக் குடும்பப்பெயராகி, தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. நம் இனிஷியல் மாதிரியேதான். குடும்பப்பெயரை நம்பிக் குலம் தேடுகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: மெக்ரெகர் என்ற பெயரை வைத்திருப்பதே குற்றம் என்று 1603-ல் தடை போட்டார்கள். நடுவில் கொஞ்சகாலம் தளர்த்தி, மறுபடி போட்டு, கடைசியாக 1774-ல்தான் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் கிடைத்த பெயரை வைத்துக்கொண்டு பிழைத்தார்கள். பெயரைக் கேட்டுத் துணியை எடுத்துப் போடும் கடைக்காரர் இதற்கு என்ன செய்வார்?

சரி, அந்த இரண்டு ஏடுகளுக்கு வருவோம்.

ஒவ்வொரு பாரிஷிலும் போதகரும் மூப்பர்களும் சேர்ந்த ஒரு சபை உண்டு. கிர்க் செஷன் என்பார்கள். ஊரின் ஒழுக்கத்தைக் காப்பது இவர்கள் வேலை. ஓய்வுநாளில் வேலை செய்தவன், குடித்துவிட்டுச் சண்டை போட்டவன், வாய்க்கு வந்தபடி ஏசியவள் எல்லோரும் இவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும். ஆனால் நோட்டில் பக்கம் பக்கமாக நிறைந்திருப்பது கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானவர்களின் விசாரணைதான். யார் தகப்பன், எங்கே, எப்போது, யார் சாட்சி? வாய் திறக்காத பெண்ணிடம் பிரசவ வலியின்போது மருத்துவச்சி மூலம் பெயரைக் கேட்ட கொடுமையும் நடந்திருக்கிறது. ஆண் மறுத்தால் சத்தியம் செய்துவிட்டுப் போகலாம். ஒத்துக்கொண்டால் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சபை முன்னால், சில ஊர்களில் அதற்கென்றே போட்ட முக்காலியில், தலைகுனிந்து இருக்க வேண்டும். அபராதம் ஏழைகளுக்கான நிதிக்குப் போகும்.

ராபர்ட் பர்ன்ஸ் அந்த நாட்டின் தேசியக் கவி. அவரும் தப்பவில்லை. ஜீன் ஆர்மர் கர்ப்பமானபோது மாக்லின் ஊர்ச் சபைக்கு அவர் பெயரை எழுதிக் கொடுத்தார். 1786 கோடையில் பர்ன்ஸ் சபை முன்னால் நின்று கண்டிக்கப்பட்டார். செப்டம்பரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பிறகு இருவரும் சேர்ந்துகொண்டார்கள். போதகர் நடத்திவைத்த கல்யாணம் இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி இருவர் மனம் ஒத்து, நாங்கள் கணவன் மனைவி என்று சொன்னால் அதுவே கல்யாணம். 1940 வரை இது செல்லும். 1788 ஆகஸ்டில் மாக்லின் மூப்பர்கள் இந்தத் தாம்பத்தியத்தை ஏற்றுக்கொண்டு, கண்டித்து, நோட்டில் எழுதினார்கள். பர்ன்ஸ் ஏழைகளுக்கு ஒரு கினி கொடுத்தார். தேசியக் கவியின் இல்லறத்துக்கே சாட்சி, மூப்பர்கள் வைத்திருந்த குற்றக் குறிப்புதான். அப்படியிருக்க, பெயர் தெரியாத பண்ணைக் கூலிக்கும் பால் கறந்த பெண்ணுக்கும் வேறு எங்கே போய்த் தேடுவது?

இரண்டாவது ஏடு கஞ்சிக் கணக்கு. 1845-ல் ஏழைகள் சட்டம் வந்த பிறகு பாரிஷ்தோறும் உதவி கேட்டு வருகிறவர்களை ஒரு இன்ஸ்பெக்டர் விசாரித்து எழுதினார். இரக்கத்தால் அவ்வளவு விவரம் கேட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். தொடர்ந்து ஐந்து வருடம் தங்கியிருந்தால்தான் அந்தப் பாரிஷ் செலவை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பிருந்த ஊர் அல்லது பிறந்த ஊரின் தலையில் கட்டலாம். அதற்காகத்தான் எங்கே பிறந்தாய், பெற்றோர் யார், எந்தத் தெருவில் எத்தனை மாதம் இருந்தாய் என்று குடைந்தார்கள். கிளாஸ்கோவில் இந்த விண்ணப்பங்கள் 1851 முதல் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக்காரர்களுக்குக் குடிக்கணக்கில் பிறந்த இடம் என்று பெரும்பாலும் 'அயர்லாந்து' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். கஞ்சிக் கணக்கில் பிறந்த ஊரும் அம்மாவின் பெயரும்கூடக் கிடைக்கும். பசித்து நின்றதால் மட்டுமே எழுதப்பட்டவர்கள் இவர்கள்.

இந்த விஷயத்தில் ஸ்காட்டுகளுக்கும் தமிழர்களுக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு உண்டு. 1867-ல் இலங்கை லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1835-ல் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழர்களின் பெயர் எங்காவது இருந்தால் அது சம்பளம் போட்ட செக்ரோலிலோ கடனை எழுதிய துண்டிலோதான் இருக்கும். அவர்களையும் எழுத வைத்தது காசுதான்.

இவ்வளவுக்கும் பிறகு பலர் இந்த நோட்டுகளைத் திறப்பதில்லை. அசிங்கமாக இருக்கிறதாம். செத்துப்போன பாட்டியின் மானத்தை ஏன் கிளற வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பெண்கள் விரும்பிச் சொன்ன வாக்குமூலம் அல்ல அது. ஐந்தாறு ஆண்கள் உட்கார்ந்து பிடுங்கி எழுதியது. 2021 முதல் அந்தப் பக்கங்களை வீட்டிலிருந்தபடியே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது சிலருக்குக் கூச்சத்தைத் தருவதும் புரிகிறது.

ஆனால் திறக்காமல் விட்டால் நடப்பது என்ன? மரத்தில் அந்தப் பெண்ணின் பெட்டிக்குப் பக்கத்தில் 'தகப்பன் பெயர் இல்லை' என்று ஒரு கோடு. அல்லது குழந்தை பாட்டியின் கடைசிப் பிள்ளையாக மாற்றி எழுதப்பட்டு, அவளே மரத்திலிருந்து காணாமல் போவாள். அன்றைக்கு முக்காலியில் உட்கார்ந்து, ஊர் முன்னால் அவனுடைய பெயரைச் சொன்னவள் அவள். சத்தியம் செய்துவிட்டுப் போனவன் வேறொரு மரத்தில் நல்ல தாத்தாவாக உட்கார்ந்திருக்கிறான், தோளில் டார்ட்டனோடு. இதில் யார் மானத்தை யார் காப்பாற்றுகிறார்கள்?

அவள் சொன்ன பெயர் அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பணக்காரனைக் காப்பாற்ற வேலைக்காரன் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கலாம், பயத்தில் ஏதோ ஒரு பெயர் வந்திருக்கலாம். 'அவள் இவனைச் சொன்னாள், இவன் மறுத்தான்' என்று இரண்டையும் தேதியோடு எழுதினால் போதும். 1855-க்குப் பிறகு பிறந்த குழந்தை என்றால் கோர்ட் தீர்ப்பின்படி தகப்பன் பெயரைச் சேர்த்த திருத்தப் பதிவேடு ஒன்று தனியாக இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்.

மூப்பர் நோட்டில் தேடுவது லேசான வேலை கிடையாது. பெரும்பாலானவற்றுக்குப் பெயர் அட்டவணை இல்லை. கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். குழந்தை பிறந்த தேதிக்கு ஆறு மாதம் முன்னால் ஆரம்பித்து, ஒரு வருடம் பின்னால் வரை பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போக வேண்டும்.