காடும் கட்டுச்சோறும் கிளித்தட்டும்

தமிழ்ப் பள்ளி என்பது நான்கு சுவர்களுக்குள் நடைபெறுவது என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. வாடகைக்குப் பெற்ற ஆங்கிலப் பள்ளியொன்றின் வகுப்பறை, வேறு யாரோ வரைந்த ஓவியங்கள் தொங்கும் சுவர், இரண்டு மணிநேரப் பாடம், இடையில் ஒரு பிஸ்கற்றும் பழச்சாறும்: இலண்டனில் வளரும் நம் பிள்ளைகளுட் பலருக்கு வீட்டுக்கு வெளியேயுள்ள தமிழுலகம் இவ்வளவே. மரமும் நீரும் வெயிலும் உள்ள இடத்தில், விளையாட்டின் வேகத்திலும் பசியின் அவசரத்திலும் அவர்கள் வாயில் தமிழ் வரவேண்டும் என்பதும், அதற்காகத் தவணைக்கு ஒரு சனிக்கிழமையைப் பள்ளி விட்டுக்கொடுத்து, குடும்பங்கள் அனைத்தையும் காட்டுக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் கருத்து. இதனை ஏற்காத பெற்றார் பலர் உளர் என்பதை நாம் அறிவோம். அவர்களை நோக்கியே இதனை எழுதுகிறோம்.

நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிற் பயிலும் பிள்ளையிடம் முல்லை நிலம் எதுவெனக் கேட்டால், காடும் அதனைச் சார்ந்த இடமும் எனத் தடங்கலின்றி விடை வரும். காட்டைக் கண்டதுண்டா எனக் கேட்டால் இல்லையெனத் தலை அசையும். கண்டதில்லை என்பது வியப்பன்று. அப்பிள்ளை வாழ்வது ஈஸ்ற்ஹாமிலோ இல்போர்டிலோ வால்தம்ஸ்ரோவிலோ ஆயின், ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் எப்பிங் காடு இருக்கிறது என்பதே வியப்பு. மனோர் பார்க்கின் எல்லையிலுள்ள வான்ஸ்ரெட் புல்வெளியில் தொடங்கி, எப்பிங் நகருக்கு வடக்கே வரை ஏறத்தாழ 19 கிலோமீற்றர் நீளத்துக்கு அது கிடக்கிறது. பரப்பளவு ஏறக்குறைய 2,400 ஹெக்டேயர். கோடை விடுமுறையில் பேருந்து பிடித்துத் தொலைதூரத்து உல்லாசப் பூங்காக்களுக்குச் சென்று, பகலின் பெரும்பகுதியை வரிசையில் நின்று கழித்து, பெருந்தொகை செலவிட்டுத் திரும்பும் குடும்பங்கள், நுழைவுக் கட்டணமில்லாத இக்காட்டை எட்டிப் பார்ப்பதில்லை.

இக்காடு நமக்கு எஞ்சிய வரலாற்றைப் பிள்ளைகள் அறிதல் நன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலவுடைமையாளர் காட்டைத் துண்டு துண்டாக வேலியடைத்துத் தமதாக்கிக்கொண்டு வந்தனர். லவுற்றன் என்னும் ஊரில் வாழ்ந்த ஏழை மக்களுக்கு, குளிர்காலத்தில் மரக்கிளை தறித்து விறகெடுக்கும் மரபுரிமை இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11ஆம் நாள் நள்ளிரவில் முதற்கிளை தறிக்கப்படும். வேலி எழுந்த பின்னரும் தோமஸ் வில்லிங்கேல் என்ற முதியவர் அவ்வுரிமையைக் கைவிட மறுத்தார். அவர் குடும்பத்தவர் சிலர் 1866இல் அதன்பொருட்டுச் சிறை சென்றனர். வழக்கு நடந்துகொண்டிருந்த வேளையில், 1870இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு இலண்டன் மாநகரக் கழகம் களத்தில் இறங்கியது. அக்கழகத்துக்கு அவ்வழக்கைத் தொடுக்கும் தகுதி எவ்வாறு வந்தது என்பது சுவையான செய்தி. மனோர் பார்க் அருகே இடுகாட்டுக்கென அது வாங்கியிருந்த நிலத்துக்குக் காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்திருந்தது. நம்மவர் பலர் இறுதிக்கடன்களுக்காக மட்டுமே சென்றறிந்த அந்த இடுகாடே, சுற்றுவழியாக, இக்காட்டைக் காத்துத் தந்தது. 1874இல் சேர் ஜோர்ஜ் ஜெசெல் வேலிகள் சட்டத்துக்கு மாறானவை எனத் தீர்ப்பளித்தார். 1878இல் தனிச்சட்டம் பிறந்தது. காடு வேலியின்றியும் கட்டடமின்றியும் மக்கள் பொழுதுபோக்குக்காகக் காக்கப்படவேண்டும் என அது விதித்தது. 1882 மே 6ஆம் நாள் விக்டோரியா அரசியார் நேரில் வந்து காட்டை மக்களுக்கு உரித்தாக்கினார். மக்கள் என்ற சொல்லுள் நாமும் அடங்குவோம். வரி செலுத்தியும் வாக்களித்தும் இந்நகரில் வாழும் நாம், கிடைத்த உரிமையைப் பயன்படுத்தாமலே விட்டுவைத்திருக்கிறோம்.

காட்டினுள் நுழைந்தவுடன் கண்ணிற்படுவது ஹார்ன்பீம், பீச் மரங்களின் விந்தைத் தோற்றம். ஆளுயரத்துக்குச் சற்று மேலே அடிமரம் பெருத்து முடிச்சிட்டுக் கிடக்க, அதிலிருந்து பல கைகளைப் போலக் கிளைகள் மேலெழும். மாடும் மானும் எட்டாத உயரத்திற் கிளைகளைத் தறித்துத் தறித்து, மீண்டும் தழைக்கவிட்ட பல நூற்றாண்டுப் பழக்கத்தின் தழும்புகள் அவை. இதனை ஆங்கில நூல்களிற் படித்துத்தான் நம் இளைஞர் அறியவேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்த தாத்தாவுக்கு ஒருவரும் விளக்கவேண்டியதில்லை. பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்ட வேலி, ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் ஆண்டுதோறும் குழை வெட்டிய வேலி, வெட்ட வெட்ட மொத்தித்துப்போன கதியால் தலை: அவர் கைபட வளர்த்தவை அல்லவா? வீட்டில் தொலைக்காட்சிக்கு எதிரே வாளாவிருக்கும் முதியவர் அம்மரத்தடியில் ஆசிரியராகிவிடுகிறார். குழை, கதியால், கொக்கத்தடி, அலம்பல் என்னும் சொற்கள் நம் பாடநூல்களில் இல்லை. எந்த மரத்தையும் காட்டாமல் வகுப்பறையில் அவற்றைக் கற்பித்தலும் வீண்.

ஒக்ரோபர் மாதத்து இலையுதிர்வுக் காலம் மொழிப் பாடத்துக்கு மிகவும் ஏற்றது என்பது எமது துணிபு. ஓர் இலையின் பருவங்களைத் தளிர், கொழுந்து, இலை, பழுப்பு, சருகு எனத் தமிழ் பிரித்துப் பெயரிட்டிருப்பதைத் தேவநேயப் பாவாணர் எடுத்துக்காட்டினார். நாமும் கரும்பலகையில் எழுதிப் படியெடுக்கச் செய்கிறோம். பிள்ளை எழுதும், தேர்வில் ஒப்பிக்கும், மறக்கும். பீச் மரத்தின் கீழே நிற்கும் பிள்ளைக்கோ பழுப்பு தலைக்கு மேலே இருக்கிறது. சருகு காலின்கீழ் நொறுங்குகிறது. கொழுந்து காண மே மாதத்தில் மீண்டும் வரவேண்டும் என்று சொன்னால், மீண்டும் வருவதற்கு அதுவே காரணமாகிவிடும். ஓக், பீச் என்னும் பெயர்களுக்குத் தமிழாக்கம் தேடிப் பிள்ளைகளை அலைக்கழிக்க வேண்டியதில்லை என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைக்கலாம். மரத்தின் பெயர் அவ்வாறே இருக்கட்டும். பட்டை, கணு, கவடு, பொந்து, வேர், காய், விதை எல்லாம் தமிழில் வந்தால் போதும். பறவைகளுட் சிலவற்றுக்குத் தமிழ்ப்பெயர் ஆயத்தமாகவே உண்டு. பாட்டிலும் கதையிலும் நம் பிள்ளைகள் கேட்டறிந்த வானம்பாடியின் இனத்தைச் சேர்ந்த பறவையொன்று, மனோர் பார்க்கை ஒட்டிய வான்ஸ்ரெட் புல்வெளியில் நிலத்திற் கூடுகட்டி முட்டையிடுகிறது. அது கூடுகட்டும் காலத்தில் அண்மைய ஆண்டுகளாக அப்புல்வெளியின் பகுதிகள் தடுப்பிடப்படுகின்றன. கயிற்றுக்கு இப்பால் நின்று, அது மேலெழுந்து பாடுவதைக் கேட்கலாம்.

இனி விளையாட்டு. நம் பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளில் ஓட்டம், சாக்கோட்டம், கயிறிழுத்தல் என்பன ஒலிபெருக்கிக் கட்டளைப்படி நடைபெறுகின்றன. பிள்ளைகள் பேசவேண்டிய தேவையே எழுவதில்லை. கிளித்தட்டு அவ்வாறன்று. புல்வெளியிற் கயிறு கிடத்திக் கட்டங்களை அமைத்து, கோட்டுக்கு ஒருவராக மறித்து நிற்க, நடுக்கோட்டிலே கிளி ஓடித் திரிய, மற்றைய அணி தப்பித் தப்பி ஏறிப் போய் இறங்கி வரவேண்டும். ஏறுபவர் காய்; கடைசிக் கோட்டைக் கடந்து திரும்புபவர் பழம். கணத்துக்குக் கணம் கூவாமல் இதனை ஆட இயலாது. அங்கே பார், பின்னால் கிளி, ஓடு, நில், தொட்டாயிற்று, தொடவில்லை! தொட்டதா இல்லையா என்னும் வழக்கு எழும்போது, அளாப்புதல் என்ற அருஞ்சொல்லும் வந்துசேரும். ஆட்டத்தில் நேர்மையின்றி நடத்தலைக் குறிக்கும் அச்சொல்லை அறியாத பிள்ளை அக்காலத்து யாழ்ப்பாணத்தில் இருந்ததில்லை. நம் ஒன்பது ஆண்டுப் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. சினந்து சண்டையிடுவதற்கும் ஒரு மொழியிற் சொற்கள் வேண்டும். அவை இல்லாதபோதுதான் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவுகின்றனர்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டியுள்ளது. நம்மவர் ஒன்றுகூடல்களில் நடப்பது யாவரும் அறிந்ததே. பெண்கள் முதல்நாள் இரவிலிருந்து சமைத்து, அலுமினியத் தட்டங்களிற் சுமந்துவந்து, பரிமாறி, துடைத்து, எஞ்சியதைக் கட்டி எடுத்துச் செல்வர். ஆண்கள் மரநிழலில் வட்டமாக அமர்ந்து முந்நூற்றுநாலு ஆடுவர். பிள்ளைகள் கைப்பேசியோடு மோட்டார் வண்டிக்குள் இருப்பர். இவ்வாறான ஒன்றுகூடலை வீட்டிலேயே நடத்தலாம், காடு தேவையில்லை. எமது பரிந்துரை கட்டுச்சோறு. வாழையிலை நம் கடைகளிற் கிடைக்கிறது. அதனை அடுப்பின் வெப்பத்தில் வாட்டி, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஒரு பொரியலும் வைத்துக் கட்டிவிட்டால், ஆளுக்கு ஒரு பொதி. தம் பொதியைத் தாமே சுமத்தல் ஐந்து அகவைப் பிள்ளைக்கும் இயலும். பரிமாறுவார் தேவையில்லை, ஆதலால் அன்னையரும் அமர்ந்து உண்ணலாம், ஆடலாம். அப்பொதியைக் கட்டும் பொறுப்பைத் தந்தையர் ஏற்கவேண்டும் என்பதையும் சேர்த்தே முன்மொழிகிறோம். முன்மொழிவு எள்ளலுக்கு உள்ளாகும் என்பது தெரிந்ததே.

நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டுவோம் என்னும் ஆசையை மட்டும் அடியோடு விட்டுவிடவேண்டும். எப்பிங் காட்டில் அதற்கு அனுமதியில்லை. தடை காரணமின்றி விதிக்கப்பட்டதன்று. 2018 ஜூலையில் வான்ஸ்ரெட் புல்வெளி பற்றியெரிந்தபோது இருநூறுக்கு மேற்பட்ட தீயணைப்பாளர் போராடவேண்டியிருந்தது. காளான் பறித்தலும் அங்கே தடைசெய்யப்பட்டுள்ளது. மான்கள் திரியும் காடாதலால் உண்ணி உண்டு. பிள்ளைகளுக்கு முழுநீளக் காற்சட்டை அணிவித்து, வீடு திரும்பியதும் காலையும் கழுத்தையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

எதிர்ப்புகளுள் வலுவானது ஒன்றே. சனிக்கிழமை தனியார் வகுப்புகளுக்குரிய நாள். செப்டெம்பரிற் பதினொரு அகவைத் தேர்வு வருகிறது. ஒரு நாளை மரத்தடியிற் போக்க எவ்வாறு இயலும் என்பர். அவ்வச்சத்தை ஏளனம் செய்ய நாம் விரும்பவில்லை. அகதியாக வந்து, இரவுப் பணி செய்து, பிள்ளையின் கல்வியொன்றையே முதலாகக் கொண்ட தலைமுறையின் அச்சம் அது. ஆயினும் நம் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்போர் வேறொன்றையும் காண்பர். அத்தேர்வுக்காகவென ஒன்பது, பத்து அகவையில் நிறுத்தப்படும் பிள்ளைகளுட் பெரும்பாலார் தேர்வு முடிந்த பின்னர் திரும்புவதில்லை. அவர்களுக்கு இங்கே திரும்பிவர என்ன இருக்கிறது? பயிற்சிப் புத்தகத்தின் இடைநின்ற பக்கம் யாரையும் அழைப்பதில்லை. கிளித்தட்டில் ஓரணியாக நின்ற தோழர் அழைப்பர். முழு ஆண்டில் மூன்று சனிக்கிழமைகள் கேட்கிறோம். தேர்வுக்கு முந்திய கோடையை அவரவரே வைத்துக்கொள்ளட்டும்.

பாடம் கெடும் என்னும் ஆசிரியர்களுக்குச் சொல்லக்கூடியது, அன்றைய பாடம் தமிழிலேயே நடைபெறவேண்டும் என்பதில் பள்ளி உறுதியாயிருத்தல் வேண்டும் என்பதே. இல்லையேல் அது வெறும் உலா. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முதியவரும் ஓர் ஆசிரியரும் என வகுத்து, சிங்போர்ட் சமவெளியிலிருந்து கொனோட் குளம் வரை நடந்து, குளத்தைச் சுற்றி, மரத்தடியில் உண்டு, பின்னர் ஆடினால் ஒரு பகல் நிறைந்துவிடும். குளத்தைச் சுற்றிய பாதை சமமானது. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் செல்லும். நீரில் மாண்டரின் வாத்துகளைக் காணலாம். படகு வலிக்க விரும்பும் வளர்ந்த பிள்ளைகளை வேறொரு முறை விப்ஸ் குரொஸ் மருத்துவமனைக்கு எதிரேயுள்ள ஹொலோ பொண்ட் குளத்துக்கு அழைத்துச் செல்லலாம்.

முதற் பயணத்துக்கு ஒக்ரோபர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையைப் பள்ளி நிருவாகக் குழுவுக்குப் பரிந்துரைக்கிறோம். காலை பத்து மணிக்குச் சிங்போர்ட் தொடர்வண்டி நிலைய வாயில். தூறலுக்கு அஞ்சவேண்டாம், மழைச்சட்டை போதும். கொண்டுவரவேண்டியவை: ஆளுக்கொரு சோற்றுப்பொதி, தண்ணீர், மாற்றுக் காலுறை, குப்பை திருப்பி எடுத்துச்செல்ல ஒரு பை. கிளித்தட்டுக்கான கயிற்றைப் பள்ளி கொண்டுவரும். வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருப்பின் அவர்களையும், மடக்கு நாற்காலியோடு.