இரண்டு மணித்தியாலத்தை விட்டுக்கொடுங்கள்



பாடசாலை விடுமுறைக்கு, சிலாவத்துறையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் உயர்தரம் முடித்துவிட்டு, கொழும்பு சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகிறாள். சுவரில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைக் காட்டி, "ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம், சித்தி" என்றாள்.

"நேற்று எத்தனை மணித்தியாலம் படிச்ச?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

அட்டவணை விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பிக்கிறது. ஆனால் அத்தானின் வள்ளம் கரைக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். வலையிலிருந்து மீன் கழற்ற வீடே கடற்கரைக்குப் போகும். நம் லயங்களிலும் இதே கதைதான். அம்மா கொழுந்துக்குப் போகுமுன் தேத்தண்ணி வைப்பதும், தம்பி தங்கையைப் பாடசாலைக்கு அனுப்புவதும் மூத்த பெண்பிள்ளை. அந்த வேலைக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. பிள்ளை தோற்கும்போது, "சோம்பேறி" என்று நாமே பெயர் வைக்கிறோம்.

இருவரும் உட்கார்ந்து அட்டவணையைத் திருத்தினோம். வீட்டில் உண்மையில் அமைதியாக இருக்கும் நேரம் எது என்று முதலில் பார்த்தோம். மத்தியானம் ஒரு மணித்தியாலம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம். மொத்தம் இரண்டு. அது போதும், தவறாமல் கிடைத்தால்.

அடுத்தது, என்ன படிப்பது? அவள் தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவுகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நுழைவுப் பரீட்சை அதைக் கேட்பதில்லை. சட்டம் உள்ளே போன பிறகு படிப்பது. வாசலில் பார்ப்பது மொழித்திறன், பொது அறிவு, நுண்ணறிவு. ஆகவே ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, மணிக்கூட்டை வைத்து எழுதச் சொன்னேன். பொது அறிவில் நன்றாகச் செய்தாள். புள்ளி போனது சுருக்கம் எழுதுவதிலும், நேரம் போதாமல் விட்டுவிட்ட நுண்ணறிவுக் கேள்விகளிலும். அவள் ஆகக் கூடுதலாகப் படித்தது, ஏற்கெனவே தெரிந்த பாடத்தை.

இப்போது மத்தியானம் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து, மூன்று வரியில் சுருக்குகிறாள். அன்றைய செய்தியில் ஐந்து விடயங்களைக் கொப்பியில் குறிக்கிறாள். இரவில் நேரம் வைத்து இருபது நுண்ணறிவுக் கேள்விகள், மிச்ச நேரம் ஆங்கிலம். பிழைத்த கேள்விகளுக்குத் தனிக் கொப்பி. ஞாயிற்றுக்கிழமை முழு வினாத்தாள்; அதில் வரும் புள்ளியைப் பார்த்து அடுத்த கிழமை அட்டவணையை மாற்றுகிறாள்.

ஆங்கிலம் எதற்கு என்று கேட்பீர்கள். சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020 இறுதியில் வந்த ஒழுங்குவிதியை, 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. நம் பிள்ளைகளுக்கு அது நல்லது. ஆனாலும் மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழில் எழுதும் உரிமையைக் காப்போம், ஆங்கிலத்தில் வாசிக்கவும் பழகுவோம்.

இவ்வளவையும் சங்கப் பத்திரிகையில் எழுதக் காரணம் இருக்கிறது. நான் சங்க வேலைக்கு வந்த புதிதில், வேலைநீக்கப்பட்ட ஒரு தொழிலாளி தன் கடிதத்தை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஆங்கிலக் கடிதம். எங்களிடம் கொண்டுவந்தபோது, தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டிய ஆறு மாதம் கடந்திருந்தது. இருபது வருடச் சேவை, ஒரு திகதியால் போனது. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நம் வாழ்க்கையின் பெரிய தீர்மானங்கள் நீதிமன்ற வாசலில்தான் நின்றிருக்கின்றன. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து பறிபோன வாக்குரிமைக்காக நடந்த கோடகன்பிள்ளை வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. 2024 மே மாதம் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்ததும் கம்பனிகள் நீதிமன்றம் போயின. அங்கே நமக்காகப் பேச, பிரட்டுக்களம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லாத சட்டத்தரணிகள் நமக்கு வேண்டும்.

ஆகவே பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டு மணித்தியாலம் அந்தப் பிள்ளையை எதற்கும் கூப்பிடாதீர்கள். அந்த நேரத்து வேலையை அண்ணன் தம்பிமார் செய்யட்டும். சங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். மாவட்டக் காரியாலயங்கள் ஞாயிறு காலையில் பூட்டித்தானே கிடக்கின்றன? அதைத் திறந்து, ஒரு மேசை, ஒரு மணிக்கூடு, பழைய வினாத்தாள்கள், ஒரு கிழமைப் பத்திரிகைகள் வைத்தால் போதும். நாம் கட்டும் சந்தாவில் இதற்கு இடமிருக்கிறது. மேற்பார்வைக்கு ஆசிரியர்கள் நாங்கள் வருகிறோம். முதல் தடவை கிடைக்காவிட்டாலும் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணி போன்ற வேறு கதவுகளும் உண்டு. இந்தப் பயிற்சி அங்கேயும் உதவும்.

2023இல் மலையக மக்களின் இருநூறு வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அந்த மன்னார்க் கரையில்தான் என் அக்கா மகள் இன்று படிக்கிறாள். நான் புறப்படும்போது பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டிருந்தாள். புதியதில் அக்காவின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "இரவு சட்டி கழுவுவது அண்ணன்."