பத்துப் பொருத்தத்தோடு பதினோராவது

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது நம் மரபு. அந்த மாமனுக்கே பெண்ணைக் கட்டி வைப்பதும் நம்மில் பலருக்கு மரபுதான். மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நெருங்கிய இரத்த உறவில் திருமணத்தைத் தடுக்கிறது. ஆனால், இந்துக்கள் தம் வழக்கப்படி சகோதரியின் மகளை மணக்க அதன் 11ஆம் பிரிவு விலக்களிக்கிறது. சட்டம் வழி விட்டுவிட்டது. அறிவியல் என்ன சொல்கிறது என்று நாம் கேட்டோமா?

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் லயத்தில் பாதி வீடுகள் ஏதோ ஒரு வழியில் சொந்தம். என் உறவில் ஓர் அக்காள் தம் தாய்மாமனை மணந்தார். முதல் குழந்தைக்குத் தலசீமியா. மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டும். “இவள் வந்த நேரம்” என்றார் மாமியார். அந்த மாமியார் அக்காளின் சொந்தப் பாட்டிதான்! “நாலில் ஒன்று என்றார் டாக்டர். ஒன்று வந்துவிட்டது, இனி மூன்றும் நன்றாகப் பிறக்கும்” என்று பெரியவர்கள் தேற்றினர். இரண்டாவது குழந்தைக்கும் அதே நோய்.

இங்கே பிழை கணக்கில்தான். பெற்றோர் இருவரும் நோய்க்கடத்திகளாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு தனித்தனியே 25 விழுக்காடு. தாயக்கட்டை முன்பு விழுந்த எண்ணை நினைவில் வைத்திருப்பதில்லை.

உறவுக் கணக்கையும் பார்ப்போம். தாத்தா ஒருவர் மட்டும் கடத்தி என்க. மாமனுக்கு அந்த மரபணு வரும் வாய்ப்பு 1/2. அக்காள் வழியாக அவர் மகளுக்கு 1/4. இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு 1/8. பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 1/32. அதே மாமன் வெளியில் பெண் எடுத்தால்? வெளியில் 25 பேரில் ஒருவர் கடத்தி என வைத்துக்கொண்டால், அது 1/200. ஆறு மடங்குக்கும் மேல் வேறுபாடு.

சொந்தத்தில் மணந்த எல்லாருக்கும் நோயுள்ள பிள்ளை பிறப்பதில்லை. அதே 32இல் 31 பங்கு இந்நோய் இல்லாத பக்கம்தான். ஆகவே உறவை வெட்டச் சொல்லவில்லை. தெரிந்து முடிவெடுக்கச் சொல்கிறேன். கடத்தியா இல்லையா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்கு அரசாங்கமே இப்பரிசோதனையைச் செய்யத் தொடங்கியது. அந்த முடிவுத் தாளைப் பிறப்புப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள். சாதகம் பார்க்கும் நாளில் அதையும் எடுத்து வையுங்கள்.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன நான், மெண்டலின் பட்டாணிக் கணக்கை மலாயில் படித்து மதிப்பெண் வாங்கினேன். அதைத் தமிழில் பாட்டிக்குச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அக்காள் மீது அந்தப் பழி விழுந்திருக்காது. நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக் காட்டுங்கள். நாம் கற்ற கல்வி முதலில் நம் வீட்டுத் திண்ணை ஏறட்டும்.