பிளான் போடும் முன் காது கொடுப்போம்!

- மூன்றாம் ஆண்டு, சிவில்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு நண்பர்களே! வாழப் போகிறவர்களைக் கேட்காமல் மற்றவர்கள் முடிவு செய்தால் ஆயுளுக்கும் சங்கடம்தான். கல்யாணத்திலாவது இப்போது பெண்ணின் சம்மதத்தைக் கேட்கிறார்கள். வீட்டுப் பிளானில் கேட்கிறோமா?

எங்கள் அனுமந்தன்பட்டியில் புது வீடுகளுக்குப் பஞ்சமில்லை. திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு, ஏலத்தோட்ட வேலை, வெளிநாட்டுச் சம்பளம் என்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் செங்கல்லாகிறது. ஆனால் பிளான்? பக்கத்து வீட்டுப் பிளானைத் திருப்பிப் போட்டது; இல்லாவிட்டால் செல்போனில் வந்த படம்! திராட்சைக்கு மருந்தடிக்கிற குடும்பத்துக்கு, மருந்து டப்பாவையும் ஸ்பிரேயரையும் பூட்டி வைக்க வெளியே ஒரு சின்ன அறை வேண்டாமா? தோட்டத்திலிருந்து வருகிறவர் குளித்துத் துணி மாற்றிக்கொண்டு உள்ளே வரப் பின்பக்கம் ஒரு குளியலறை வேண்டாமா? முகப்பில் டைல்ஸ் பளபளக்கிறது; மருந்து டப்பாவோ கட்டிலுக்கு அடியில், குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில்! வீட்டுக்காரர் சொல்லவில்லை, பிளான் போட்டவர் கேட்கவில்லை.

"இதெல்லாம் ஆர்க்கிடெக்ட் கவலைப்பட வேண்டியது, நாம டிப்ளமாதானே?" என்று சிலர் நினைக்கலாம். 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியும். உண்மைதான். ஆனால் அந்தத் தடை பட்டத்துக்குத்தான், வடிவமைக்கும் வேலைக்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கிவிட்டது. நம் ஊர்ப் பக்கம் சின்ன வீடு கட்டுகிறவர் முதலில் தேடி வருவது நம்மைப் போன்றவர்களைத்தான். அப்படியானால் கேட்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதுதானே?

நல்ல அலுவலகத்தில் இது எப்படி நடக்கிறது என்பதை இன்-பிளாண்ட் டிரெயினிங்கில் பார்த்தேன். வந்த அன்றே யாரும் பேப்பரை விரிக்கவில்லை. குடும்பத்தில் எத்தனை பேர், வயசானவர் உண்டா, மாடு உண்டா, கையில் இருக்கும் பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார்கள். "அவளுக்கு என்னா சார் தெரியும், நீங்களே பாத்துப் போடுங்க" என்றார் வீட்டுக்காரர். ஆர்க்கிடெக்ட் விடவில்லை. "அம்மா, நீங்க சொல்லுங்க" என்றார். "மாமியாவுக்கு முட்டி வலி சார். ராத்திரி பாத்ரூமுக்குப் படி இறங்க முடியல" என்றார் அந்த அம்மா. பிளான் அந்த ஒரு வார்த்தையில் மாறிப்போனது!

அடுத்தது சைட். பட்டா, புலப்படம், சாக்கடைச் சரிவு, காற்று எல்லாம் பார்த்தார்கள். ஆனி ஆடியில் கம்பம் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை நம்பித்தான் நம் மாவட்டத்தில் காற்றாலைகளே நிற்கின்றன. எங்கோ போட்ட பிளானுக்கு அந்தக் காற்று தெரியுமா? இரண்டு சென்ட் மனை என்றால் 871 சதுர அடி. சுற்றிலும் விட வேண்டிய இடம் போக மிச்சம் எவ்வளவு என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார்கள். பிறகு இரண்டு மூன்று கோட்டுப் படங்கள். பிளானைப் படிக்க எல்லோருக்கும் வராது அல்லவா? அதனால் சுண்ணாம்புப் பொடியால் அறைகளை மனையிலேயே முழு அளவில் கோடு போட்டு, அந்த அம்மாவை உள்ளே நடந்து பார்க்கச் சொன்னார்கள். கட்டில் எங்கே, பீரோ எங்கே, கதவு எப்படித் திறக்கும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. முடிவானதும் ஒவ்வொரு தாளிலும் வீட்டுக்காரர் கையெழுத்து. அதன் பிறகு மாற்றம் கேட்டால், ஆகும் செலவைச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் வேலை.

இப்படிக் காது கொடுத்துப் பேர் வாங்கியவர் ஒருவர் நமக்கு மலைக்கு அந்தப் பக்கமே வாழ்ந்திருக்கிறார். 1917இல் இங்கிலாந்தில் பிறந்த லாரி பேக்கர், 1960களில் வாகமண்ணில் இருந்தார். பிறகு திருவனந்தபுரத்தில் குடியேறினார். 1990இல் பத்மஸ்ரீ பெற்றவர், 2007இல் காலமானார். மனையை நேரில் பார்க்காமல், குடும்பத்தோடு பேசாமல் அவர் வடிவமைப்பதில்லை. பழைய தாள்களின் பின்பக்கமே அவருக்குப் பிளான் ஷீட்! மரம் குறுக்கே வந்தால் சுவரை வளைத்தார், மரத்தை வெட்டவில்லை. நாம் பாடத்தில் படிக்கும் 'ராட் டிராப் பாண்ட்' கட்டுமானத்தைப் பரப்பியவர் அவர்தான். செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து நடுவில் இடைவெளி விடுவதால் சுமார் 25 சதவீதம் செங்கல் மிச்சம். ஆனால் அதைவிடப் பெரிய மிச்சம், தேவையில்லாததைக் கட்டாமல் விடுவதில்தான் என்பது அவர் கொள்கை.

"வர்றவங்க வாஸ்து, மனையடி சாஸ்திரம்னு நிப்பாங்களே, எப்படிக் கேக்குறது?" என்பீர்கள். கேலி செய்யாமல் கேட்போம். அறையின் உள்ளளவு சில அங்குலம் கூடக் குறைய ஆவதால் கட்டடம் விழுந்துவிடாது. ஆனால் அதற்காகக் காற்றும் வெளிச்சமும் அடைபடும் என்றால், படம் போட்டுக் காட்டித் தைரியமாகச் சொல்ல வேண்டும். கேட்பது என்றால் தலையாட்டுவது என்று அர்த்தமில்லை!

"நூறு, இருநூறுக்குப் பிளான் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற ஊரில் இவ்வளவு பேச நேரம் ஏது?" என்று கேட்கலாம். காகிதத்தில் சுவரை நகர்த்த ஒரு ரப்பர் போதும். லிண்டல் மட்டம் வந்த பிறகு நகர்த்தக் கடப்பாரை வேண்டும். அந்தச் செலவு ஒரு விவசாயியின் ஒரு வெள்ளாமை. இரண்டு நாள் பேச்சு அதைவிட மலிவு அல்லவா?

தோழர்களே! ஆட்டோகேட் நமக்குக் கோடு போடக் கற்றுத் தருகிறது. கேள்வி கேட்கக் கற்றுத் தருவதில்லை. நாளை முதல் பிளானோடு வேலைக்கு உட்காரும்போது, அந்த வீட்டில் சமைக்கப் போகிறவரையும் முட்டி வலிக்கிற பாட்டியையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மௌஸைத் தொடுவோம். அதற்கு எந்தக் கவுன்சிலின் அனுமதியும் வேண்டாம்!