வட்டி மாறும் காலத்தில் சேமிப்பு

1988-ஆம் ஆண்டில் கிசான் விகாஸ் பத்திரம் அறிமுகமானபோது, அதில் இட்ட பணம் ஐந்தரை ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்று தபாலாபீஸில் சொல்லக் கேட்டு, விளைச்சல் பணத்தையும் பெண்ணின் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிய தொகையையும் கொண்டுபோய்க் கட்டிய குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். அதே பத்திரம் இரட்டிப்பாவதற்கு 2023 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட காலம் 115 மாதங்கள், அதாவது ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகள். பத்திரத்தின் பெயரும் அரசாங்கத்தின் உத்தரவாதமும் அப்படியே இருக்க, வட்டி மாத்திரம் காலத்தோடு இறங்கிவிட்டது.

இந்த இறக்கம் ஒரு குடும்பத்தின் சமையலறைவரை வந்து சேரும் விதத்தைப் பார்க்க வேண்டுமானால், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பார்க்கலாம். 2020 மார்ச்சில் அதில் பத்து லட்ச ரூபாய் போட்டவருக்கு 8.6 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கொருமுறை 21,500 ரூபாய் கிடைத்தது; அடுத்த மாதமே போட்டவருக்கு 7.4 சதவீதத்தில் 18,500 ரூபாய்தான். காலாண்டுக்கு 3,000 ரூபாய், அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு! ஒரு முதியவரின் மருந்துச் செலவு அது. ஓய்வுப் பணம் கைக்கு வந்த தேதியைத் தவிர வேறு குற்றம் இரண்டாமவரிடம் இல்லை.

2020 மே மாதத்தில் நான்கு சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 2023 பிப்ரவரியில் ஆறரை சதவீதமாக உயர்ந்து, 2025-இல் மீண்டும் படிப்படியாகக் குறைந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் ஏறி இறங்கும் ஒன்றை முன்கூட்டியே கணித்து, உச்சியில் பணத்தைப் பூட்டிவைக்க எவராலும் இயலாது என்பதே என் அபிப்பிராயம். ஆகவே பத்து லட்சத்தை ஒரே ரசீதாக வைக்காமல், இரண்டிரண்டு லட்சமாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்று முதிரும்படி ஐந்து டெபாசிட்டுகளாகப் போடுவது விவேகம். வட்டி உயர்ந்தால் அவ்வாண்டு முதிர்வது பயனடையும், தாழ்ந்தால் மற்றவை பழைய வட்டியையே ஈட்டிக்கொண்டிருக்கும். ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு உண்டென்பதால், வங்கிகளையும் பிரித்துக்கொள்வது நல்லது.

விலைவாசி உயர்வை வெல்ல வட்டி மட்டும் போதாதென்பதால் பங்குகளிலும் ஒரு பகுதி இருக்கத்தான் வேண்டும். ஆனால் 2008 ஜனவரியில் இருபத்தோராயிரத்தைத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு வீழ்ந்து, பழைய உயரத்துக்குத் திரும்ப 2010 நவம்பர்வரை ஆயிற்று. இடையில் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்க நேர்ந்தவருக்கு அந்த மீட்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. காத்திருக்க முடிந்தவருக்கு நஷ்டம் காகிதத்தோடு நின்றது. எனவே ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தொட வேண்டியிராத பணமே பங்குச் சந்தைக்கு உரியது. தங்கம் வட்டி தராது. ஆயினும் மற்றவை தளரும்போது பெரும்பாலும் தாங்கி நிற்பதால் சிறு பங்கு வைக்கலாம், செய்கூலியும் சேதாரமும் தின்னும் நகையாக அல்லாமல்.

இன்றிரவே பீரோவைத் திறந்து, டெபாசிட் ரசீதுகளின் முதிர்வுத் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லாம் ஒரே ஆண்டில் வந்து விழுமானால், முதலில் முதிர்வதை வெவ்வேறு காலங்களுக்குப் பிரித்துப் போடுங்கள்.